மாதிரிக் கையெழுத்து

“இன்னும் ரெண்டே ரெண்டு. கொஞ்சம் கீழே தள்ளிப் போடுங்கம்மா, மேலே இடம் இருக்கட்டும்.”

வக்கீல் தாளின் அடியில் விரலை வைத்துக் காட்டினார். அவள் போட்டாள். மை காய்வதற்குள் அடுத்த தாளை நகர்த்தினார். எல்லாம் வெற்றுத் தாள்கள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. தட்டச்சு செய்கிறவளுக்கு எண்ணும் பழக்கம் உண்டு. சொல்லாமலே மனம் எண்ணிக்கொள்ளும்.

“மாதிரிக் கையெழுத்துன்னு பதிவாளர் ஆபீஸ்ல இவ்வளவா கேக்கறாங்க, சார்?”

“ஒண்ணு ரெண்டு குடுத்தா சரியா விழலைன்னு திருப்பி அனுப்புவான். அப்புறம் ஒரு மாசம் இழுத்தடிப்பான். அதுலயும் உங்க கையெழுத்து கோழி கிளறின மாதிரி.”

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பத்தொன்பது வருடமாக அவர் சிரிக்கும்போது சிரிப்பதும் அவள் வேலையில் சேர்ந்ததுதான்.

அலுவலகம் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. மூன்று அறைகள். முதல் அறையில் அவளும் அவளுடைய இயந்திரமும். அவளை எல்லோரும் டைப் அக்கா என்றார்கள். நடு அறையில் வக்கீல். படிக்கட்டை ஒட்டிய சின்ன அறை எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. அங்கேதான் நோட்டரி உட்கார்ந்திருந்தார். இன்னார் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டார், போட்டவர் இன்னாரேதான் என்று எழுதி முத்திரை வைப்பது அவர் வேலை. ஒரு நாள், செத்துப்போன ஒருவர் செத்த ஒன்பதாம் நாள் தன் வீட்டை விற்கச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பத்திரம் ஒன்று வெளியே வந்தது. அடியில் நோட்டரியின் முத்திரை. “இந்தப் பேப்பரை நான் பார்த்ததே இல்ல” என்று அவர் சொன்னார். கேட்ட ஒவ்வொருவரிடமும் சொன்னார். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். இப்போது சிறையில் இருக்கிறார்.

முத்திரை எப்போதும் அவருடைய டிராயரில்தான் இருந்தது, சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது என்று அலுவலகத்திலிருந்து ஒரு வாக்குமூலம் போயிற்று. வக்கீல் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கீழே சாட்சியாகக் கையெழுத்தும் போட்டாள். டிராயருக்கு எத்தனை சாவி என்று அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று அடிக்க யாரும் சொல்லவில்லை.

மறு வாரமே வக்கீல் கேட்டார். “ஏம்மா, நீங்களே நோட்டரி ஆனா என்ன? இங்க அதுக்குச் சட்டப் படிப்பெல்லாம் தேவையில்ல. ஒழுங்கா இருந்தாப் போதும். நீங்கதான் எறும்பைக்கூட மிதிக்காத ஆளாச்சே.”

ஒழுங்காக இருப்பதற்குச் சான்று வாங்கவே நான்கு மாதம் பிடித்தது. படிவம். இரண்டு பேரிடம் நன்னடத்தைக் கடிதம். வழக்கு எதுவும் இல்லை என்று காவல் நிலையத்திலிருந்து ஒரு தாள். அங்கே பத்து விரலையும் மையில் உருட்டினார்கள். “பாத்திரம் தேய்ச்சே ரேகை போச்சே, அக்கா. நீங்க திருடினாக்கூட நாங்க கண்டுபிடிக்க முடியாது” என்றார் காவலர். தப்பு நடந்தால் பொறுப்பேற்கப் பிணை. பிணைக்கு வக்கீலே கையெழுத்துப் போட்டார். கடைசியில் பரீட்சை. நாற்பது கேள்விகளுக்கு முப்பத்தெட்டு சரி. வீட்டில் அவளும் நாத்தனாரும் மட்டும். கணவர் போய் ஆறு வருடம் ஆகிறது. நாத்தனார் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: “இனிமே அண்ணி முத்திரை வெக்காம குக்கர்கூட விசில் அடிக்காது.”

திங்கட்கிழமை பதிவாளர் அலுவலகத்தில் உறுதிமொழி. வலது கையைத் தூக்கிச் சொன்னதைத் திருப்பிச் சொன்னாள். பிரிவு அதிகாரி ஒரு பெண்மணி. மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். வக்கீல் ஒட்டிக் கொடுத்த உறையைப் பிரித்து மூன்று தாள்களை வெளியே எடுத்தார். ஒன்றை வைத்துக்கொண்டு இரண்டைத் திருப்பித் தந்தார்.

“மாதிரி ஒண்ணு போதும்மா. இதைக் கிழிச்சுப் போடுங்க. வெத்துப் பேப்பர்ல கையெழுத்தை வெச்சுக்கிட்டுச் சுத்தாதீங்க.”

அவள் உறைக்குள் பார்த்தாள். வேறு தாள் இல்லை. பன்னிரண்டில் மூன்று போனால் ஒன்பது. கணக்கு சுலபம்.

மாடிப்படி ஏறியதும் மீதி ஒன்பது தாள் எங்கே என்று வக்கீலிடம் கேட்டாள்.

“அதுவா? அன்னைக்கே குப்பைக்கூடைக்குப் போயிடுச்சு. சான்றிதழைக் குடுங்க, டிரைவர் போய் நகல் எடுத்துட்டு வரட்டும்” என்றார் வக்கீல்.

கொடுத்தாள். சாயங்காலம் திரும்பி வந்தது. ஒரு மூலை மடங்கியிருந்தது. குப்பைக்கூடையை அன்றாடம் கொட்டுகிறவள் அவள்தான். மாதிரிக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அதில் என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தாள். ஆரஞ்சுத் தோல் மட்டும் ஞாபகம் வந்தது.

புதன்கிழமை காலை முத்திரைக் கடைக்குப் போனாள். நோட்டரி முத்திரை செய்ய அந்த ஊரில் அனுமதி பெற்ற கடை அது ஒன்றுதான். கடைக்காரர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னொண்ணா?”

“என்ன இன்னொண்ணு?”

“திங்கக்கிழமை ஒண்ணு வாங்கிட்டுப் போனீங்களே. நீங்க வரல, உங்க ஆபீஸ் டிரைவர். இதே சான்றிதழ்தான் காட்டினாரு. தொலைச்சிட்டீங்களா, அதுக்குள்ள?”

கடைக்காரர் ரப்பர் துகளை ஊதிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு சான்றிதழை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார்.

“தாயி, எனக்கு எதுவும் தெரியாது. சான்றிதழ் காட்டினாங்க, செஞ்சு குடுத்தேன். கோர்ட்டு கீர்ட்டுன்னு என்னை இழுக்காதீங்க.”

“எனக்கும் ஒண்ணு செய்யுங்க” என்றாள்.

அரை மணி நேரத்தில் ஆயிற்று. வட்டத்துக்குள் அவளுடைய பெயர், எண், முடியும் தேதி. ஒரு துண்டுத் தாளில் வைத்துப் பார்த்தாள். சுத்தமாக விழுந்தது. இதே வட்டம் இன்னொரு கையிலும் இருக்கிறது.

அலுவலகத்துக்கு வந்து கேட்டபோது வக்கீல் மறைக்கவில்லை.

“ஆமாம்மா. ஆபீஸ்ல ஒண்ணு, உங்க கையில ஒண்ணு. நீங்க ஒரு நாள் லீவு போட்டா வேலை நிக்கலாமா?”

“அது எங்க இருக்கு, சார்?”

“பத்திரமா இருக்கு.”

“ஆள் என் கண் முன்னால வராம முத்திரை வெக்கக்கூடாது, சார்.”

“யாரு வெக்கறா? ஒரு அவசரத்துக்குத்தான்.” பேனாவை மூடினார். “பழைய நோட்டரியும் இதையேதான் கேட்டுட்டு இருந்தாரு, பாவம். ரொம்பக் கேப்பாரு. நீங்க அப்படி இல்லைன்னுதான் உங்களைப் போடச் சொன்னேன். போய் டீ குடிங்க. முகமே சரியில்ல.”

அவள் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பாதி அடித்த தாள் இயந்திரத்தில் நின்றது. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமிக்கொண்டே விலை கேட்டார்கள். நோட்டரி எத்தனை தடவை அதைச் சொன்னார் என்று நினைத்துப் பார்த்தாள். இந்தப் பேப்பரை நான் பார்த்ததே இல்ல. சொல்லும்போது அவர் வேறு யாரையும் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தார். அடிப்பது அவள்தான் என்பதால் பார்க்கிறார் என்று அன்றைக்கு நினைத்திருந்தாள்.

தாளை உருவி எடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போவதுபோலப் படியிறங்கினாள்.

பதிவாளர் அலுவலகத்தில் மணி மூன்று. அதே அம்மையார்.

“ராஜினாமா பண்ணணும்.”

“திங்கக்கிழமைதானேம்மா கையைத் தூக்கினீங்க? தூக்கின கை இன்னும் வலிச்சிட்டிருக்குமே.” சிரித்துக்கொண்டே படிவத்தை எடுத்தவர் அவள் ஒன்பது தாளையும் இன்னொரு முத்திரையையும் பற்றிச் சொன்னதைக் கேட்டதும் அதைத் திரும்ப உள்ளே வைத்தார். “ராஜினாமான்னா முப்பது நாள் கழிச்சுத்தான் செல்லும். அதுவரைக்கும் நீங்க நோட்டரிதான். உங்க முத்திரை விழுந்த பேப்பர் எல்லாம் செல்லும்.”

“முப்பது நாளா?”

“முப்பது நாள்ல ஒன்பது பேப்பர் எங்கெங்கயோ போயிடும்.”

“புகார் குடுத்தா?”

“இன்னைக்கே நிறுத்தி வெச்சிடுவோம். ஆனா முதல் விசாரணை உங்களுக்குத்தான். வெத்துத் தாள்ல கையெழுத்துப் போட்டது நீங்கதானே? யாரும் கையைப் பிடிச்சுப் போட வெக்கலயே. அதுவே குத்தம்மா.”

“தெரியும். பரீட்சையில வந்துச்சு.”

“சரியா எழுதினீங்களா?”

“எழுதினேன்.”

அம்மையார் கோடு போட்ட தாள் ஒன்றைக் கொடுத்தார். ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து எழுதினாள். பன்னிரண்டு தாள், மூன்று வந்தது, ஒன்பது வரவில்லை. இரண்டாவது முத்திரை, அதை வாங்கியவர், வாங்கிய நாள். எல்லாவற்றையும் வரிசையாக எழுதினாள். இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு வரி இடம் விட்டு மறுபடி எழுதினாள்: எட்டு மாதம் முன்பு நான் சாட்சிக் கையெழுத்துப் போட்ட வாக்குமூலத்தில், சாவி நோட்டரியிடம் மட்டுமே இருந்தது என்று இருக்கிறது. அது எனக்குத் தெரிந்த விஷயம் அல்ல. வக்கீல் சொன்னார், அடித்தேன்.

அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“கடைசியில இருக்கறது வேற வழக்காச்சே. இதை உங்ககிட்ட யாரும் கேக்கலயே.”

“கேக்கலதான்.”

“பொய்ச் சாட்சின்னு உங்க மேலயே இன்னொண்ணு திரும்பும். அந்த வரியை அடிச்சு நீக்கிடவா?”

“வேண்டாங்க.”

அம்மையார் நேரத்தைக் குறித்து முத்திரை வைத்தார். மூன்று மணி ஐம்பது நிமிடம்.

மறுநாள் வியாழக்கிழமை. பதிவாளர் அலுவலகத்தில் காலை பத்தரைக்கு அவளை உள்ளே கூப்பிட்டார்கள். இரண்டு அதிகாரிகள் கேள்வி கேட்டார்கள், ஒருவர் எழுதிக்கொண்டார். அவளுடைய கையெழுத்தும் முத்திரையும் உள்ள பத்திரங்கள் இரண்டு செவ்வாய்க்கிழமையே பதிவுக்கு வந்துவிட்டதாகச் சொல்லி, நகல்களைக் காட்டினார்கள். பெயர்களைப் படித்தாள். யாரையும் தெரியவில்லை. மற்ற ஏழும் எங்கே என்று கேட்டார்கள். தெரியாது என்றாள். முத்திரையையும், ஒரு வரிகூட எழுதாத நோட்டரிப் பதிவேட்டையும் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். ஊரை விட்டுப் போக மாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஐந்து மணிக்கு வெளியே விட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது, வக்கீலின் டிரைவர் இரண்டு தடவை வந்து அண்ணி எங்கே என்று கேட்டுவிட்டுப் போனதாக நாத்தனார் சொன்னாள். மூன்றாவது தடவை வரவில்லை. வக்கீலின் கார் மட்டும் தெருமுனையில் நின்றது.