லண்டனுக்கு ஆறு மணி நேரம்

வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்ததும் எழும் வாசனை எனக்கு இன்றைக்கும் ஆகாது. எழுபதுகளில், டில்லி கோல் மார்க்கெட் பக்கத்துச் சர்க்கார் குவார்ட்டர்ஸில், 'லூ' என்னும் அனல்காற்றுக்குப் பயந்து அந்தத் தட்டியை மாட்டிய அறையில்தான், அக்காவை லண்டன் மாப்பிள்ளைக்குக் கொடுக்கலாமா என்று நாள்கணக்கில் பேசினார்கள்.

அம்மாவுக்கு மனமே இல்லை. "ஒரு அவசரம்னா பிள்ளை எப்படிங்க வந்து சேருவா?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்பாவோ ரயில் நேரங்களில் புலி. ஊருக்குப் போகும் தமிழர்கள் எல்லாரும் எந்த வண்டி எங்கே எப்போது என்று அவரிடம்தான் வந்து நிற்பார்கள். சேரும் மணியிலிருந்து கிளம்பும் மணியைக் கழிப்பது அவருக்குக் கைவந்த கலை. காலை ஆறுக்கு டில்லியில் கிளம்பும் விமானம் பன்னிரண்டுக்கு லண்டனில் இறங்கும் என்று ஆபீஸில் கேட்டுவந்தவர், அதையும் அப்படியே கழித்தார். "மெட்ராஸுக்கு ஜி.டி. எக்ஸ்பிரஸ்ல ரெண்டு ராத்திரி. லண்டனுக்கு ஆறே மணி நேரம். எதுடி பக்கம்?" என்றார். அதை நம்பித்தான் அம்மா தலையாட்டினாள். லண்டனில் மணி நமக்கு ஐந்து மணி நேரம்போலப் பின்னால் என்பது அப்பாவுக்குத் தெரியாததல்ல; கழிக்கும்போது நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான். கல்யாணமாகிப் போன அக்கா, நாளெல்லாம் பறந்தோம் என்று எழுதியபோதுகூட, "வண்டி லேட்டாயிருக்கும்" என்று தள்ளிவிட்டார்.

அடுத்த கோடையில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். டாக்டர் கையை விரித்ததும் அப்பா லண்டனுக்கு 'டிரங்க் கால்' போட்டார். மறுநாள் காலை ஒன்பது மணி விமானத்தில் கிளம்புவதாக அக்கா அழுதுகொண்டே சொன்னாள். "மூணு மணிக்கு வந்து நின்னுருவா பாரு" என்று அப்பா அம்மாவின் காதில் சொன்னார்.

மூன்று ஆனது, நாலும் ஆனது. கதவு திறக்கும்போதெல்லாம் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள், வந்ததெல்லாம் நர்ஸ்தான். விமான நிலையத்துக்குப் போன் செய்ய அப்பா கீழே ஓடினார். "அவளுக்கு வர மனசில்லையோ?" என்றாள் அம்மா. "வந்துட்டிருக்காம்மா" என்றேன். அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

விமானம் இன்னும் பாதி வழிகூட வரவில்லை, நள்ளிரவுக்கு மேல்தான் இறங்கும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்ல அப்பா படியேறி வருவதற்குள் அம்மா போய்விட்டாள். விடியற்காலையில் வந்து சேர்ந்த அக்கா, பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல், "எனக்காகக் கொஞ்சம் இருந்திருக்கக் கூடாதா?" என்று அம்மாவைப் பார்த்தே கேட்டாள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. அப்பா அதற்குப் பிறகு யாருக்கும் வண்டி நேரம் சொல்லவில்லை.

அந்தக் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், அப்பாவும் இல்லை. அக்கா வருடம் ஒருமுறை வருகிறாள். அவள் விமானம் எந்த நாட்டின்மேல் பறக்கிறது, இன்னும் எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் என் கைப்பேசி காட்டிவிடுகிறது. காட்டி என்ன? அம்மா அறிந்தவரை, அக்கா லண்டனை விட்டுக் கிளம்பவே இல்லை.