அம்மா கேட்ட பேஸ்போல் அட்டைகள்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடுதான் அம்மாவை மொன்றியல் விளையாட்டு அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய பேஸ்போல் அட்டைகள் இருந்தன.

"இதையேன் பிள்ளை பூட்டி வச்சிருக்கினம்?" என்று அம்மா கேட்டார்.

எனக்கும் தெரியாது. "சொன்னாலும் உங்களுக்கு விளங்காதம்மா" என்றேன்.

அங்கே வழிகாட்டியாக இருந்த நிலா, படிப்பைப் பாதியில் விட்ட என் பள்ளித் தோழி, அருகே வந்தாள். "அன்ரி, இது அந்தக் காலம் சுவிங்கத்தோட சும்மா குடுத்தது. கனபேர் எறிஞ்சிட்டினம். மிஞ்சினது கொஞ்சம், அதுதான் இந்த மதிப்பு."

"அப்ப இவள் எறியச் சொல்லுற என்ர சாமானுகளையும் வச்சிருப்பம்" என்றார் அம்மா, என்னைக் காட்டி.

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஒவ்வோர் அட்டையைப் பற்றியும் அம்மா அவளிடமே கேட்டார். நிலாவுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தாலும், அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க மாட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.