பதினோராவது நிமிடம்

இதை என் மைத்துனரிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "கதை நல்லா இருக்கு மச்சான்" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கதை சொல்ல எனக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்கு ஏற்றபடி லென்ஸ் தேய்க்கிறவன் நான். அரை மில்லிமீட்டர் கூடினாலும் லென்ஸ் உட்காராது. அதனால் எதையும் கூட்டிச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. நடந்ததை, நடந்த நேரத்தோடு எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நள்ளிரவு இல்லை. மழை இல்லை. கரண்டும் போகவில்லை. எல்லாமே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நடந்தது. ஜன்னல் வெயில் சோபா வரைக்கும் வந்து விழுந்திருந்தது.

எனக்கு ப்ராக்ரஸிவ் ராக் என்றால் பைத்தியம். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், அது மேற்கத்திய இசையில் ஒரு வகை, அதில் ஒரே பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க இருபத்திரண்டு நிமிடம் ஓடும். நடுவில் தாளம் மாறும், ஆர்கன் வரும், புல்லாங்குழல் வரும், போன தாளம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வரும். "நான் துணி துவைச்சு, காயப்போட்டு, மடிச்சும் வெச்சுட்டேன், உங்க பாட்டு இன்னும் முடியலை" என்பாள் என் மனைவி. அவளுக்கு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. பதிமூன்று வயது மகளோ, நான் தட்டை உறையிலிருந்து உருவினாலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். இருபது வருடமாக எனக்குத் துணை ஒரே ஒருவன்தான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற என் நண்பன். நாங்கள் எல்லோரும் கூப்பிடுவதே லிஃப்ட்டு என்றுதான்.

எங்களுக்கு இரண்டு விதிகள். தட்டு ஓடும்போது கண்ணை மூடிக் கேட்க வேண்டும். பக்கம் முடியும் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. வீடு பற்றிக்கொண்டாலும் கைஜாடைதான் என்பான் லிஃப்ட்டு. என் மகள் சின்ன வயதில் ஒருமுறை பாட்டின் நடுவே தண்ணீர் கேட்டாள். நான் திரும்பாமலே உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அன்றைக்கு உள்ளே போனவள்தான், அப்புறம் பாட்டு கேட்க வரவே இல்லை. அது எனக்கு உள்ளுக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

இது நடந்த வீட்டுக்குக் குடிபோய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டாவது மாடி, கடைசி வீடு. இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய இசைத்தட்டுக் கடை இருந்தது. அங்கேதான் அந்தத் தட்டு கிடைத்தது. கல்லூரிக் காலத்தில் தேய்ந்துபோன கேசட்டில் நானும் லிஃப்ட்டும் கேட்டுக்கொண்டே இருந்த பாட்டு. ஏழு எண்ணிக்கைத் தாளம். மூன்று, இரண்டு, இரண்டு என்று போகும். பதினோராவது நிமிடத்தில் வெட்டினாற்போல் நின்றுவிடும். புதிதாகக் கேட்பவர்கள் முடிந்துவிட்டது என்று எழுந்திருப்பார்கள். முடியாது. இரண்டு ஏழு, பதினாலு எண்ண வேண்டும். பதினைந்தில் மொத்த வாத்தியமும் ஒன்றாக இறங்கும். நாங்கள் கண்ணை மூடியபடியே எண்ணி, அந்த இடத்தில் சரியாகத் தொடையில் தட்டுவோம். தப்பினவன் காபி போட வேண்டும்.

முதல் ஞாயிறு. பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்த கடைசிச் சுவரை ஒட்டிப் போட்டிருந்த சோபாவில் நாங்கள் இருவரும். நாலு மணிக்கு முள்ளை வைத்தேன். 4.11. பாட்டு நின்றது. எண்ணத் தொடங்கினேன்.

டொக் டொக் டொக்... டொக் டொக்... டொக் டொக்.

எங்கள் தலைக்குப் பின்னால், சுவரில். மெதுவாக, விரல் முட்டியால் தட்டுகிற மாதிரி. பாட்டு திரும்ப வந்தபோது இருவருமே தொடையில் தட்டவில்லை.

4.22க்குப் பக்கம் முடிந்தது. லிஃப்ட்டு துள்ளி எழுந்தான்.

"டேய், பக்கத்து பில்டிங்ல நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்டா! மூணு, ரெண்டு, ரெண்டு. பிசகாம தட்டுறான்!"

"சத்தத்தைக் குறைங்கன்னு தட்டுறாங்க. அதுக்கு இவ்வளவு குதியா?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இருபது வருடம் ஊரெல்லாம் கிண்டல் செய்ய ஒரு இசையைக் கேட்டுப் பாருங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டினால் உங்களுக்கும் ரசிகன் என்றுதான் தோன்றும்.

அன்று சாப்பிடும்போது மனைவி இதைச் சொல்லிச் சிரித்தாள். மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நிஜமாவே தட்டினாங்களாப்பா? எனக்கும் கேக்கணும்."

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

இரண்டாவது ஞாயிறு லிஃப்ட்டுக்கு வேலை வந்துவிட்டது. மகள் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். விதிகளைச் சொன்னேன். தலையாட்டினாள். நான் பிளேயருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். 4.11. மௌனம். டொக் டொக் டொக்... டொக் டொக்... டொக் டொக். இந்த முறை கொஞ்சம் வித்தியாசம். போன வாரம் எங்கள் தலை உயரத்தில் கேட்டது, இப்போது தாழ்வாக, அவள் தோள் உயரத்தில் கேட்டது. அதோடு, பாட்டு திரும்ப வந்த பிறகும் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. இன்னொரு ஏழு தட்டிவிட்டுத்தான் நின்றது.

கவனித்தேன். கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். ஏனென்றால் பக்கம் முடிந்ததும் மகள் என்னிடம் ஓடிவந்து, "மூணு, ரெண்டு, ரெண்டு! நானும் எண்ணிட்டேன்ப்பா!" என்றாள். பதிமூன்று வருடத்தில் முதல் தடவை. அந்த நிமிடத்தில் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை மனைவி நான் வேலை செய்யும் கடைக்குப் போன் செய்தாள். லேபிலிருந்து சீக்கிரம் வந்திருக்கிறாள்.

"ஏங்க, அந்த ஆளு இப்பவும் தட்டுறாரு."

"மணி என்ன?"

"நாலு பதினொண்ணு. வீட்ல பாட்டு எதுவும் ஓடலைங்க."

பயிற்சி செய்கிறார் போலிருக்கிறது என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே சரியாகப் படவில்லை.

சனிக்கிழமை லிஃப்ட்டு வந்தான். அவன் தொழில் அப்படி, எந்தச் சுவரைப் பார்த்தாலும் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் இருக்க மாட்டான். பாத்ரூம் ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டினான். கொஞ்ச நேரம் தலையை உள்ளே எடுக்கவில்லை.

"டேய்... அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லைடா."

நானும் எட்டிப் பார்த்தேன். எங்கள் சுவருக்கும் அடுத்த கட்டடத்துக்கும் நடுவில் ஐந்தடி சந்து. கீழே வரைக்கும் வெறும் காற்று. பிடித்துக்கொண்டு நிற்க ஒரு குழாய்கூட இல்லை.

"நாளைக்கு நான் வரலை. நீயும் போடாதே" என்றான். காபி குடிக்காமல் போய்விட்டான்.

போடக் கூடாது என்றுதான் நானும் முடிவு செய்தேன். சத்தியமாக. ஆனால் மறுநாள் மூன்றரை மணிக்கே மகள் சோபாவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "நாலு மணிக்குத்தானேப்பா?" என்றாள். இல்லை என்று சொன்னால் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாளோ என்று பயம். சுவரில் கேட்ட சத்தத்தைவிட அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. என் புத்தி அவ்வளவுதான்.

மனைவிக்கு லேபில் வேலை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

4.00. முள்ளை வைத்தேன். அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன்.

4.11. பாட்டு நின்றது.

டொக் டொக் டொக்... டொக் டொக்... டொக் டொக்.

பதினாலு. பாட்டு திரும்ப வந்தது. தட்டுகிற சத்தம் நிற்கவில்லை. இருபத்தொன்று... இருபத்தெட்டு... பாட்டு ஒரு பக்கம் போனது, சுவரில் தட்டுவது இன்னொரு பக்கம் போனது. அதற்குப் பாட்டு திரும்ப வந்ததே தெரியாத மாதிரி இருந்தது.

விதியை மீறிக் கண்ணைத் திறந்தேன். திரும்பினேன்.

மகள் கண்ணை மூடி, சுவரில் தலை சாய்த்திருந்தாள். இரண்டு கையும் மடியில். அவள் தட்டவில்லை.

சத்தம் அவள் தலைக்கு நேர் பின்னால் கேட்டது.

டொக். டொக். டொக்.

அவள் உதடு நீலம் பாரித்திருந்தது.

"கண்ணு?"

கண் திறக்கவில்லை. வலது கை மட்டும் மெதுவாக எழுந்தது.

விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள்.

நான் காட்டுகிற அதே மாதிரி...

பாய்ந்துபோய் முள்ளைத் தூக்கினேன். பாட்டு நின்றது. மணி 4.13.

சுவரில் தட்டுவது நிற்கவில்லை. வேகமானது. மூன்று இல்லை, இரண்டு இல்லை... எண்ணவே முடியவில்லை.

டொக்டொக்டொக்டொக்டொக்...

தோளைப் பிடித்து உலுக்கினேன். சில்லென்று இருந்தாள். நெஞ்சு ஏறவில்லை. இறங்கவில்லை.

மூச்சு இல்லை.

கத்தினேன்.

"பேசு! பேசும்மா! விதியும் இல்லை, ஒண்ணும் இல்லை! பேசு!"

தட்டுகிற சத்தம் நின்றது.

முழு மௌனம்.

என் மகளின் உதடு அசைந்தது.

"இப்போ பேசலாமா, டாடி?"

என் மகள் பிறந்ததிலிருந்து என்னை டாடி என்று கூப்பிட்டதே இல்லை. அந்தக் குரலும் அவளுடையது இல்லை. அதைவிடச் சின்னப் பெண்ணின் குரல்.

"பேசலாம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கினவள் மாதிரி ஒரு மூச்சு இழுத்தாள். இருமினாள். அழுதாள். கண்ணைத் திறந்து, "என்னப்பா ஆச்சு, ஏன் பாட்டை நிறுத்தினீங்க?" என்றாள். அவளை அள்ளிக்கொண்டு படி இறங்கினேன். செருப்பு போடவில்லை, கதவைப் பூட்டவும் இல்லை. டாக்டர் நெஞ்சைப் பரிசோதித்தார், படம் எடுத்தார். ஒரு குறையும் இல்லை என்றார்.

பத்து நாளில் வீட்டைக் காலி செய்தோம். அந்தத் தட்டை வீட்டில் வைத்துக்கொள்ள மனசில்லை. பழைய கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் உறையைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

"இது அந்தக் கணக்கு வாத்தியார் கொடுத்த தட்டாச்சே சார். ஒரு பெட்டி தட்டைக் கொண்டுவந்து வெச்சுட்டு, காசு வேணாம்னு போயிட்டாரு. உங்களை மாதிரிதான், இந்தப் பாட்டுன்னா உசிரு. பொண்ணுக்கும் பழக்கிவிட்டிருந்தாரு."

"எங்கே குடியிருந்தார்?"

அவர் சொன்ன தெரு என் தெரு. சொன்ன மாடி இரண்டாவது. சொன்ன வீடு கடைசி வீடு.

"பொண்ணுக்குப் பத்து வயசு சார். மூச்சுத் திணறல் உண்டு. ஒரு ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் இதைத்தான் கேட்டுட்டு இருந்திருக்காங்க. பாட்டு ஓடும்போது பேசக் கூடாதுன்னு அவருக்கு ஒரு கண்டிஷன். இவரு கண்ணை மூடிட்டு, அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்காரு. பாதியில பொண்ணு சுவரைத் தட்டுற சத்தம் கேட்டிருக்கு."

கடைக்காரர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

"பொண்ணு தாளம் போடுதுன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன்னாரு சார். தட்டோட அந்தப் பக்கம் முடிஞ்சப்புறம்தான் திரும்பிப் பார்த்திருக்காரு."

தட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. புது வீட்டிலும் ஞாயிறு நாலு மணிக்குப் பாட்டு உண்டு. லிஃப்ட்டு வருகிறான், மகள் உட்காருகிறாள், மனைவியும் துணி மடித்துக்கொண்டே உட்காருகிறாள். இந்தத் தட்டை மட்டும் போடுவதில்லை. பாட்டு ஓடும்போது இப்போது எல்லோரும் பேசுகிறோம். யாராவது ஒரு நிமிடம் பேசாமல் இருந்தால், நான் திரும்பிப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.