சோப்புக் காலோடு சிலுவைப் பாறைக்கு

அந்த இடத்தைச் சொன்னது நான்தான். தேவிகுளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்தெடுக்கும் நாங்கள் ஏழு பெண்கள், வருஷத்துக்கு ஒருமுறை வேன் பிடித்துக் கோயிலுக்குப் போவோம். போன வருஷம், தெற்கே கடலோரப் பாறைமேல் இடிந்து கிடக்கும் பழைய தேவாலயத்தின் படத்தைப் போனில் பார்த்தேன். அங்கே போகலாமா என்று கேட்டுவிட்டேன். நான் வாயைத் திறந்து எதையும் கேட்கிற ஆள் இல்லை. அந்த அதிசயத்துக்காகவே சரி என்றார்கள். பிடிக்காமல் போனால் நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயமே ஒரு வருஷத்துக்கு என்னைக் கேலி பண்ணும்.

படத்தில் சுவரெல்லாம் செடியும் கொடியுமாக இருந்தது. அட்டை ஏறுமே என்று, வேனை விட்டு இறங்கியதும் எல்லோரையும் முழங்கால்வரை சோப்புத் தேய்க்க வைத்தேன். சோப்புக் காலில் அட்டை ஒட்டாது; மலையில் எங்களுக்கு அது பழக்கம்.

பாறைமேல் ஏறிப் பார்த்தால் செடியும் இல்லை, கொடியும் இல்லை; நாலு மொட்டைச் சுவரும் ஒரு வாசலும்தான் இருந்தன.

"இதுக்கா புள்ள விடியுமுன்னே கிளப்பிக் கூட்டியாந்த? நம்ம பழைய லயம் இதைவிட நல்லா இடிஞ்சு கிடக்கே" என்றாள் எங்களோடு வந்த என் மதினி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

அங்கே சுற்றிக்காட்டும் மலையாளத் தம்பி ஒருவர், ஆதியில் ஏசுவை நம்பியவர்கள் வெட்டிய சிலுவை கீழே பாறையில் இருப்பதாகச் சொன்னார். "போகண்டா சேச்சி, வழுக்கும்" என்று தடுத்தார்.

கடல் உள்வாங்கியிருந்தது. பார்க்காமல் திரும்பினால் என் கதி என்ன? முதலில் நான் இறங்கினேன். ஈரப்பாறையில் கால் பட்டதும் சோப்பு நுரைத்தது. நான் சறுக்கி உட்கார்ந்தேன். பின்னால் வந்த மதினி என்மேல் உட்கார்ந்தாள்.

"கடல்ல எங்கடி அட்டை இருக்கு?" என்று அவள் கத்தினாள்.

"மண்ணைப் போட்டுத் தேய்ங்க!" என்று அதைவிடச் சத்தமாக நான் கத்தினேன். என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. கால் சிவக்கும்வரை தேய்த்துக் கழுவினோம். "ஆளுக்கொரு நிரையா வரிசை பிடிங்க. மழையில கொழுந்தெடுக்கிற மாதிரி, காலைப் பக்கவாட்டுல ஊன்றி இறங்குங்க."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏழு பேரும் இறங்கினோம். செருப்போடு வந்த தம்பிதான் பாதியில் தடுமாறினார். "என் கையைப் பிடிச்சிக்க தம்பி, பயப்படாத" என்றாள் மதினி.

சிலுவை ஒரு முழம்தான் இருக்கும். உப்புக்காற்று அதன் ஓரங்களை மழுக்கியிருந்தது. அடியில் தாமரை இதழ்கள் செதுக்கியிருந்தார்கள். பக்கத்தில் அலை மோதிச் சிதறியது. மதினி சிலுவையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"கோயில்ல கூட்டத்துல நசுங்கி ஒரு நிமிஷம் சாமி பார்ப்போம். இங்க நாமளும் சாமியும் மட்டும்தான்" என்றாள் மதினி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அடுத்த வருஷம் எங்க போறோம்னு இப்பவே யோசிச்சு வை."

தம்பி எங்களைப் படம் எடுத்தார். நான் ஓரத்தில் நின்றேன். இரண்டு பேர் என் கையைப் பிடித்து இழுத்து, நடுவில் நிறுத்தினார்கள்.