பலித்த ஒரே மனு

ஓய்வு பெற்ற பிறகு சிலர் கோயில் கோயிலாகப் போகிறார்கள். நான் திங்கட்கிழமை ஆனால் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போகிறேன். எரியாத தெருவிளக்கு, துரத்தும் நாய், அள்ளாத குப்பை என்று எதையும் விட்டதில்லை. ஒன்றுகூட நடந்ததில்லை என்பது வேறு விஷயம்.

புத்தூரில் எங்கள் வாசலை ஒட்டி, ரோட்டோரமாக ஒரு புங்கமரம் நிற்கிறது. அதன் நிழலில்தான் துணி தேய்க்கும் அம்மாவின் தள்ளுவண்டி. திருச்சி வெயிலில் கங்கு போட்ட இஸ்திரிப் பெட்டியோடு நாள் முழுக்க நிற்க, எங்கள் தெருவில் வேறு நிழல் கிடையாது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, யாரோ வந்து மரத்தில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை வெட்டப் போகிறார்களாம்.

"மரம் போச்சுன்னா நான் எங்கங்க சார் போவேன்?" என்றார் அந்த அம்மா.

எனக்கு வந்ததே கோபம்! தெருவோர மரத்தில் இஷ்டத்துக்குக் கைவைக்க முடியுமா? பசுமைக் குழு விசாரித்து அனுமதி தந்தால்தான் ஒரு கிளையையாவது தொடலாம். சட்டம் இருக்கிறது!

"அப்படி எவன் எழுதிக் குடுத்தான்னு பார்த்துடறேன். என் வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சு வைங்க" என்று கத்தினேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு பேசாமல் சட்டையை வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை அதிகாரி முன்னால் நின்று சட்டம் பேசினேன். அவர் கோப்பைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சார், வெட்டச் சொல்லி மனு குடுத்ததே நீங்கதான்."

பார்த்தால் என் கையெழுத்தேதான். இரண்டு வருடத்துக்கு முந்தையது. "வேர் சாக்கடைச் சுவரைப் பிளக்கிறது. பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து." சுவரில் விரிசல் என்னவோ உண்மைதான், ஆனால் அது மரத்துக்கு முன்பே இருந்தது. அப்போது நான் புதுக் கார் வாங்கியிருந்தேன். அதன் மேல் காக்காய் எச்சம் போட்டதுதான் பொதுமக்களுக்கு நேர்ந்த ஆபத்து. எத்தனையோ நியாயமான மனுக்கள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்க, பொய்யாக எழுதிய இந்த ஒன்றுக்கு விசாரணை முடிந்து அனுமதியும் வந்துவிட்டது.

"வாபஸ் வாங்கறதுன்னா காரணம் எழுதிக் குடுங்க" என்றார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. விரிசல், கார், காக்காய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்தார். வெட்டுவதை நிறுத்தச் சொல்லி, என் எதிரிலேயே போன் செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே வண்டியிடம் போனேன்.

"மரத்தை வெட்ட மாட்டாங்க. ஆனா ஒரு விஷயம்மா... அந்த மனுவைப் போட்டதே நான்தான்."

"தெரியுமே சார். அன்னிக்கும் இதே சட்டையைத்தான் தேய்ச்சுக் குடுத்தேன். மரத்துக்கு மனு போடப் போறேன்னு நீங்கதானே சொல்லிட்டுப் போனீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்பவே வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவர் பெட்டியிலிருந்த சாம்பலை ஊதினார்.

"நீங்க குடுக்கிற மனு எதுங்க சார் நடந்திருக்கு? அந்தத் தைரியத்துல இருந்துட்டேன்."