ஆறாம் மாடிக் கட்டில்

அந்தப் புயலின் செய்தி எங்களைப் பிடித்தபோது நாங்கள் மூன்று கிழவிகளும் கடற்கொள்ளைக்காரரின் குடிசை ஒன்றில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தோம்.

குடிசை என்றால் மெய்க் குடிசை இல்லை. ஒஸ்லோவில் இருந்து தெற்கே பஸ்ஸில் நாலு மணித்தியாலத்துக்கு மேல் போனால், கடற்கரையோடு ஒரு பெரிய விளையாட்டுப் பூங்கா இருக்கிறது. ராட்டினம், தலைகீழாக ஓடுகிற ரயில், பேய் வீடு எல்லாம் உண்டு. பக்கத்திலேயே ஆறு மாடி ஹோட்டல். அதற்குக் கீழே பைன் மரங்களுக்கு நடுவில், கடற்கொள்ளைக்காரர் இருந்தது போலக் கட்டிய மரக் குடிசைகள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு பிளாஸ்டிக் தென்னை. உரித்த தேங்காய், மூன்று கண்ணும் தெரியக் காய்த்துத் தொங்கியது. அப்படிக் காய்க்காது என்று சொல்லிக் கொடுக்க அவர்களுக்கு ஆள் கிடைக்கவில்லைப் போலும்.

நாங்கள் போனது என் மச்சாளுக்கு எழுபது வயது நிறைந்ததற்காக. என் கணவரின் தங்கை அவள், ஒஸ்லோவின் தெற்கு ஓரத்தில், பியோர்ண்டாலில் இருக்கிறாள். நான் வடக்கு ஓரத்து ஸ்டோவ்னர். மூன்றாவது ஆள் எனக்குக் கீழ்வீட்டு மன்னார்க்காரி. நாங்கள் இரண்டு பேரும் கோவிலுக்குப் போவோம், அவள் தேவாலயத்துக்குப் போவாள். மற்ற எல்லா இடத்துக்கும் மூன்று பேரும் சேர்ந்துதான் போவோம்.

நானும் மச்சாளும் ஒஸ்லோவில் ஒரே ஹோட்டலில் அறை துப்புரவு செய்தவர்கள். நான் இருபத்தேழு வருடம், அவள் இருபது வருடம். இடுப்பு போனபடியால் அவள் முதலே நின்றுவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும், இதை எழுதவே மூன்று கிழமையாகிறது. ஆனால் ஒரு ஹோட்டலை வாசலில் நின்று பார்த்தே அதன் உள்ளும் புறமும் சொல்லுவேன். நான் விரித்த கட்டிலில் ஒருநாளும் ஒரு சுருக்கம் இருந்ததில்லை.

பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டபோது மச்சாள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஒரு நாளைக்கு ஹோட்டலிலை விருந்தாளியாய் நிக்கவேணும். விடிய எழும்பி, கட்டிலைக் குழப்பிப்போட்டு, திரும்பிப் பாராமல் கதவைச் சாத்திப்போட்டு வரவேணும்."

எத்தனை ஆயிரம் கட்டில் விரித்தவள். ஆனால் ஹோட்டல் கட்டில் ஒன்றில் ஒரு முறையும் சாய்ந்ததில்லை. அது எனக்கும் தெரியும். தெரிந்தும் நான்தான் குறுக்கே விழுந்தேன்.

"ஹோட்டல் அறையிலை குசினி இல்லை. மூண்டு நாளும் பாணும் சீஸும் தின்னப்போறீரோ? குடிசை எண்டால் அடுப்பு இருக்கு."

அவள் ஒன்றும் பேசவில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஒஸ்லோவில் குறொன்லாண்டுக் கடைகளில் அரிசிமாவும் தேங்காயும் கருவாடும் வாங்கி, பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டோம்.

இரண்டாம் நாள் காலை மூன்று கைத்தொலைபேசிகளும் ஒன்றாக அலறின. மன்னார்க்காரி கையில் இருந்த மாவைக் கீழே போட்டாள். சற்று நேரத்தில் பூங்காவின் வேலையாள் ஒருவர் வந்து கதவில் தட்டினார். சூறாவளிக் காற்று வருகிறதாம், மத்தியானத்துக்குப் பிறகு யாரும் வெளியே நிற்கக்கூடாதாம். ஒஸ்லோப் பாதையில் இருக்கிற பாலத்தைப் பூட்டிவிட்டார்கள், ஒஸ்லோவுக்கு நாளைவரை பஸ் இல்லை. குடிசையில் நிற்கலாம், ஆனால் சொந்தப் பொறுப்பில். இல்லாவிட்டால் விளையாட்டு மண்டபத்தில் மெத்தை போட்டுத் தருவார்கள். நடக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கு ஹோட்டலில் சில அறைகள் காலியாக இருக்கின்றன.

"நான் மாதாவைக் கும்பிட்டுக்கொண்டு இஞ்சையே இருக்கிறன் அக்கா. பிட்டு ஆறிப்போகும்," என்றாள் மன்னார்க்காரி.

நான் வெளியே போய்ப் பைன் மரங்களைப் பார்த்தேன். எல்லாம் பாறைக்கு மேல் ஒரு சாண் மண்ணில் நிற்கிற மரங்கள். வேர் மேலேயே படர்ந்து கிடந்தது. எங்கள் கூரைக்கு நேரே ஒன்று சரிந்து நின்றது.

"மாதா உம்மைக் காப்பாத்துவா. மரம் என்ரை மண்டையிலை விழும். எடும் பிட்டை," என்றேன்.

மண்டபமும் சரிவராது. நிலத்தில் படுத்தால் மச்சாளை எழுப்ப நாலு பேர் வேண்டும். மிச்சம் ஹோட்டல்தான். மச்சாள் அதற்குள் சப்பாத்தையும் போட்டு, நடைவண்டியின் கூடையில் கைப்பையையும் வைத்து, வாசலில் தயாராக நின்றாள். நாலு சில்லு பூட்டிய வண்டி அது, களைத்தால் இருக்க ஒரு பலகையும் உண்டு. அன்று அவள் அதைத் தள்ளிக்கொண்டு போன வேகத்துக்கு நாங்கள் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

வரவேற்பில் நின்ற பிள்ளை சிரித்துக்கொண்டு திறப்பு அட்டையைத் தந்தாள். ஆறாம் மாடி, கடல் பார்த்த அறை. மச்சாள் அட்டையை இரண்டு கையாலும் வாங்கினாள்.

நான் மேலே பார்த்தேன். பிறகு லிஃப்டைப் பார்த்தேன்.

"மச்சாள், ஆறாம் மாடி வேண்டாம்."

"என்ன?"

"கரண்ட் போனால் லிஃப்ட் நிண்டுபோம். படியாலை உம்மை ஆர் இறக்குறது? அங்கை முழுக்கக் கண்ணாடி யன்னல், அதுவும் கடல் பக்கம்."

அவள் முகம் கறுத்தது.

"உங்களுக்கு நான் சந்தோசமாய் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். முதல் பிட்டைச் சொல்லி மறிச்சியள். இப்ப லிஃப்டைச் சொல்லுறியள். உங்களுக்குப் பின்கதவாலை போய்ப் பழகிப்போச்சு. நான் முன்கதவாலை வந்தனான்."

மன்னார்க்காரி செபமாலையை எடுத்துவிட்டாள். எனக்குச் சுட்டது. வேலையாட்களின் பின்கதவால் இருபத்தேழு வருடம் போனது உண்மைதான். அந்தப் பின்கதவு என் வீட்டை நடத்தியது, எனக்கு அதில் வெட்கமில்லை. ஆனால் பிட்டைச் சொல்லி நான் மறித்ததும் உண்மை. அதுதான் சுட்டது.

ஆனாலும் கீழ்த்தளத்தில் அறைகள் இல்லை. சாப்பாட்டு மண்டபம் நாலு பக்கமும் கண்ணாடி. அப்போது தள்ளுவண்டி நிறையத் துவாய்களோடு ஒரு துப்புரவுப் பெண் போனாள். எரித்திரியாக்காரி, என் மகளின் வயதிருக்கும். எங்கே யாரிடம் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். என்னுடைய உடைந்த நோர்வேஜிய மொழியில் கேட்டேன்.

"மகள், காத்து வந்தால் நீ எங்கே இருப்பாய்?"

அவளுடையதும் உடைந்த மொழிதான். நிலத்தைக் காட்டினாள். "இங்கே, அம்மா. துவாய் அறை. கல்லுச் சுவர், யன்னல் இல்லை. நாங்கள் எல்லாரும் அங்கேதான்."

நாங்களும் எங்கள் ஹோட்டலில் அப்படித்தான் சொல்லுவோம், துவாய் அறை. கழுவின விரிப்பும் துவாயும் கூரைவரை அடுக்கியிருக்கும். வரவேற்புப் பிள்ளை, அது விருந்தினருக்கு இல்லை என்றாள். நான் மச்சாளைக் காட்டி, "லிஃப்ட் நின்றால் இவவை நீ தூக்குவாயா?" என்று கேட்டேன். மச்சாள் வாட்டசாட்டமான ஆள். அந்தப் பிள்ளை ஒரு முருங்கைக்காய். ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

மச்சாள் துவாய் அறை வாசலில் வண்டிக்குப் பிரேக் போட்டு நின்றாள்.

"இருபது வருசம் இதுக்குள்ளை நிண்டனான். எழுபதாவது பிறந்தநாளுக்கும் இதுக்குள்ளையோ?"

எரித்திரியாக்காரி மடிப்புக் கட்டில் ஒன்று கொண்டுவந்தாள். நானும் அவளும் ஆளுக்கொரு பக்கம் நின்று விரிப்பை உதறினோம். மூலையை மடித்தபோது இரண்டு பேரின் கையும் ஒரே மாதிரிப் போனது. அவள் சிரித்தாள். நாலு தலையணை, இரண்டு போர்வை, மேலே ஒரு சொக்லேட்.

"இரும் மச்சாள்," என்றேன். இருந்தாள். சொக்லேட்டை மட்டும் தொடவில்லை.

இரண்டு மணிக்குக் காற்று வந்தது. பெரிய மிருகம் ஒன்று கட்டடத்தை முகர்ந்து பார்ப்பது போலச் சத்தம். துவாய் அறைக்குள் ஒரு துவாயும் அசையவில்லை. எட்டுத் துப்புரவுப் பெண்களும் நாங்களும் முட்டுக்கு முட்டு இருந்தோம். மன்னார்க்காரி பிட்டைப் பகிர்ந்தாள். கருவாட்டுக் குழம்பின் மணம் துவாய் எல்லாவற்றிலும் ஏறியிருக்கும், பிறகு வந்த விருந்தினர் என்ன நினைத்தார்களோ. எட்டிப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி, பிளாஸ்டிக் தென்னை ஒன்று தேங்காயோடு கார் நிறுத்துமிடத்தில் உருண்டுபோகிறது என்றாள்.

மூன்று மணிபோல மின்சாரம் போனது. கொஞ்சத்தில் படிக்கட்டில் சனம் இறங்குகிற சத்தம். ஆறாம் மாடி ஆட்கள், போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஒருவர் நாயையும் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க இறங்கினார்கள். மேலே ஒரு யன்னல் வெடித்துவிட்டதாம். மச்சாள் திறந்த கதவால் அவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சொக்லேட்டை உரித்து வாயில் போட்டாள். அவள் மன்னிப்புக் கேட்கிற விதம் அதுதான். நான் கேட்கிற விதம் வேறு. அது அடுத்த நாள்தான் வந்தது.

காலையில் வெயில். மரங்கள் குறுக்கும் மறுக்கும் கிடந்தன. எங்கள் குடிசைக் கூரையில் அந்தச் சரிந்த பைன் வசதியாகப் படுத்திருந்தது. பஸ் பதினொரு மணிக்கு. லிஃப்ட் ஓடத் தொடங்கியிருந்தது.

"திறப்பு அட்டை எங்கை?" என்று மச்சாளிடம் கேட்டேன்.

"பையுக்கை. ஏன், திருப்பிக் குடுக்கவோ?"

"பன்னிரண்டு மணிவரைக்கும் அறை எங்கடை. வாரும்."

எங்கள் அறையின் யன்னல் முழுசாகவே இருந்தது. கடல் ஒன்றும் தெரியாத பிள்ளை போல மின்னியது. கட்டில் இறுக்கி விரித்துக் கிடந்தது. மச்சாள் வண்டியை விட்டுவிட்டு, அப்படியே சப்பாத்தோடு விழுந்தாள். உருண்டாள். தலையணை ஒன்றைக் காலால் தள்ளினாள். எழும்பிக் குளித்தாள், நாலு துவாயும் நனைத்தாள், திரும்பவும் வந்து படுத்தாள். மன்னார்க்காரி யன்னலோரக் கதிரையில் இருந்து சிரித்துச் சிரித்து இருமினாள். இரண்டு மணித்தியாலம் அப்படிப் போனது. போகிற நேரம் என் கை தானாக விரிப்பின் மூலைக்குப் போனது.

"தொடாதேயுங்கோ!" என்றாள். கையை எடுத்தேன்.

அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். லிஃப்டடியில் நான் நின்றேன்.

"மூக்குக்கண்ணாடியை விட்டிட்டு வந்திட்டன். நில்லுங்கோ, எடுத்துக்கொண்டு வாறன்."

அந்த எரித்திரியாப் பிள்ளைதான் இந்த மாடிக்கும் வருவாள் என்று எனக்குத் தெரியும். ராத்திரி எங்களோடு நித்திரை முழித்தவள். விரிப்பையும் உறைகளையும் கழற்றி ஒரு பொட்டணமாகக் கட்டினேன், ஈரத் துவாய்களைத் தனியாகக் கட்டினேன், தலையணைகளை அடுக்கினேன். அவளுக்கு இனித் தூக்கிக்கொண்டு போகிற வேலைதான். அதற்கு மேல் செய்யவில்லை. புதிதாக விரித்தால் மச்சாளின் குழப்படி இல்லாமல் போய்விடும்.

லிஃப்டுக்குள் ஏறினோம். நாலாம் மாடி தாண்டியது.

"கண்ணாடி கிடைச்சதோ?" என்றாள் மச்சாள்.

"ஓம்."

"அது உங்கடை மூக்கிலையெல்லோ கிடந்தது."

மன்னார்க்காரி வேறு பக்கம் பார்த்தாள். மச்சாள் நடைவண்டியின் பிடியை இறுக்கிப் பிடித்து நிமிர்ந்து நின்றாள்.

"நான் திரும்பிப் பாக்கேல்லை. அது எனக்குக் காணும்," என்றாள்.