திருநகர் பூங்காவில் ஐம்பொன் சாமி கிடைத்த கதை

இந்தக் கதையை ஒருத்தரும் நம்பப்போவதில்லை. என் மீசை மேல் ஆணையாகச் சொல்கிறேன், நம்பாதீர்கள்.

என் தங்கச்சி புருஷன், பழைய காசு தேட மெட்டல் டிடெக்டர் வாங்கியிருக்கிறார்.

"ஒரு பாண்டியர் காசாவது எடுக்கலேன்னா உங்க தங்கச்சி வீட்டுக்குள்ளயே விடமாட்டா மச்சான்" என்று காலையில் என்னையும் பூங்காவுக்கு இழுத்துப்போனார்.

வேப்பமரத்தடியில் அந்த மெஷின் கத்திய கத்தில், மதுரையைத் தாண்டி இருக்கிற வாடிப்பட்டி மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின.

மாப்ள மண்ணைத் தோண்டப் போனார். வாக்கிங் வந்த பக்கத்துத் தெரு அம்மா அலறியது:

"அண்ணே, கடப்பாரைய வைக்காதீங்க! இம்புட்டுச் சத்தம்னா உள்ள ஐம்பொன் சாமிதான்!"

உடனே எல்லோரும் செருப்பைக் கழற்றினார்கள். யாரோ சூடம் ஏற்றினார்கள். கூட்டம் காளவாசல் வரைக்கும் நின்றது. நான் பயபக்தியோடு ஒரு பிடி மண்ணெடுத்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன்.

மாப்ள கையாலேயே மெல்லக் கிளறினார். வந்ததெல்லாம் பிராந்தி பாட்டில் மூடி. ஒரு படையே குடித்துப்போட்ட மூடி!

கூடவே ஒரு நாற்றம். எல்லோரும் குழியைப் பார்த்தார்கள். அப்புறம் என் நெற்றியைப் பார்த்தார்கள்.

"அண்ணே, அது நாய் வெளிக்கிருந்த மண்ணு" என்றது அந்த அம்மா, செருப்பை மாட்டிக்கொண்டே.

குடித்துவிட்டு மூடியைப் புதைத்த கனவான்களே, நாயை உட்காரவைத்து நைசாக மண் தள்ளிய சீமான்களே, தூ!

மாப்ளையை அவர் வீட்டில் சேர்க்கவில்லை. என்னை என் வீட்டில் சேர்க்கவில்லை. ரெண்டு பேரும் தெருக்குழாயடியில் இருக்கிறோம்.

மாடும் கூட்டமும் என் கைச்சரக்கு. நெற்றி மட்டும் நிஜம். ஒரு சோப்பு கரைந்தும் வாடை போகவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கப்பா.